நினைத்தாலே ராஜத்துரோகம்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31 அன்று சாசனம் வழங்கிய இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தைப் பற்றி எழுதும்போது, "தம் நாட்டுக் கத்தோலிக்கர்களைக் கடுமையாக நடத்தியவர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவை. இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் சும்மா இருப்பார்கள் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

ராயபுரத்திலிருந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர்: ஐயா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்மண்டபம் அருகே தேநீர்க் கடையில் நானும் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த என் நண்பரும் உட்காருவது வழக்கம். உங்கள் வரியைப் படித்துவிட்டு, "எலிசபெத் ராணி எங்கள் குருக்களை வேதத்துக்காகக் கொன்றாள்" என்றேன். அவரோ, "வேதத்துக்காக இல்லை, ராஜத்துரோகத்துக்காகத்தான் தண்டித்தார்கள், சட்டத்தைப் பார்" என்கிறார். இரண்டு வாரமாகப் பேச்சு ஓயவில்லை. கொல்லப்பட்டவர்கள் வேதசாட்சிகளா, துரோகிகளா?

பதில்: நீங்கள் இருவரும் தேநீர்க் கடையில் பேசுவதை 440 ஆண்டுகளுக்கு முன்பே இருவர் அச்சில் பேசி முடித்துவிட்டார்கள். 1583இல் அரசியின் மூத்த அமைச்சரான பர்லி பிரபு, உங்கள் நண்பர் சொல்வதையே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, வெளிநாட்டில் குருமடம் நடத்தி வந்த வில்லியம் ஆலன் என்ற ஆங்கிலேயக் குரு, நீங்கள் சொல்வதையே மறுப்பு நூலாக எழுதினார். இருவரும் பாதி உண்மையைத்தான் சொன்னார்கள்.

எலிசபெத் 1558 நவம்பரில் அரியணை ஏறியபோது, நாட்டில் பெரும்பாலோர் பழைய கத்தோலிக்க வேதத்தில் பழகியவர்கள். 1559இல் வந்த இரண்டு சட்டங்கள் அரசியைத் திருச்சபையின் தலைமை ஆளுநராக ஆக்கின. எல்லோரும் ஞாயிறுதோறும் அரசின் கோயிலுக்கு வர வேண்டும், வராதவர் 12 பென்ஸ் அபராதம் கட்ட வேண்டும் என்றன. மனிதர்களின் இதயத்துக்குள் சாளரம் வைத்துப் பார்க்க அரசிக்கு விருப்பம் இருந்ததில்லை என்று பிரான்சிஸ் பேக்கன் பின்னாளில் எழுதினார். முதல் பத்து ஆண்டுகளுக்கு அது ஏறக்குறைய உண்மைதான். பலர் அபராதத்துக்குப் பயந்து காலையில் அரசின் கோயிலில் தலையைக் காட்டிவிட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னார்கள். கணவன் போவான், மனைவி போகமாட்டாள், ஏனென்றால் மனைவியின் பெயரில் சொத்து இல்லாததால் அவளிடம் அபராதம் வசூலிப்பது கடினம்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது லண்டன் மட்டுமல்ல, ரோமும்தான். 1569இல் வடக்குப் பகுதிப் பிரபுக்கள் கலகம் செய்து தோற்றார்கள். கலகம் அடங்கிய பிறகு, 1570 பிப்ரவரி 25 அன்று போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, அவர் உரிமையுள்ள அரசி அல்லர் என்றும், குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்றும், கீழ்ப்படிகிறவர்களும் விலக்கப்படுவார்கள் என்றும் ஆணைப் பத்திரம் வெளியிட்டார். அதை ஜான் ஃபெல்டன் என்பவர் லண்டன் ஆயரின் மாளிகைக் கதவில் அறைந்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போனார். அன்று காலை கண்விழித்த ஒரு சாதாரணக் கத்தோலிக்கக் குடும்பத்தலைவரை நினைத்துப் பாருங்கள். அரசிக்குக் கீழ்ப்படிந்தால் ஆன்மா போகும், கீழ்ப்படியாவிட்டால் கழுத்து போகும் என்ற நிலையை, அவரைக் கேட்காமலேயே இரண்டு பெரிய இடங்கள் சேர்ந்து உண்டாக்கிவிட்டன. 1580இல் அடுத்த போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி, "இப்போதைய சூழ்நிலையில் அந்த ஆணை கத்தோலிக்கர்களைக் கட்டுப்படுத்தாது, நிறைவேற்றக்கூடிய காலம் வரும்போதுதான் கட்டுப்படுத்தும்" என்று விளக்கம் கொடுத்தார். சுமையை இறக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அரசாங்கத்தின் காதில் அது, "இவர்கள் விசுவாசமெல்லாம் தவணை முறையில்தான்" என்றே விழுந்தது.

அதற்குப் பிறகு சட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. 1571இல், அரசியை மதப்புரட்டர் என்று எழுதினாலோ சொன்னாலோ ராஜத்துரோகம். போப்பாண்டவரின் பத்திரத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தால் ராஜத்துரோகம். 1581இல், ஒருவரை ரோமின் பக்கம் திருப்பினால் ராஜத்துரோகம். கோயிலுக்கு வராததற்கு அபராதம் மாதம் 20 பவுண்டு. அந்நாளில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். வாரம் 12 பென்ஸ் என்றிருந்தது ஏறக்குறைய நூறு மடங்காகிவிட்டது. 1585இல் வந்த சட்டம் எல்லாவற்றுக்கும் மேலே போயிற்று. 1559க்குப் பிறகு வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் எவரும் 40 நாட்களுக்குள் வெளியேற வேண்டும். அதன் பிறகு நாட்டில் இருந்தாலே, வேறு எதுவும் செய்யாவிட்டாலும், ராஜத்துரோகம்.

ஆகவே உங்கள் நண்பர் சொல்வதுபோல் சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் துரோகிகள்தான். ஆனால் அந்தச் சட்டம், பூசை வைப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் துரோகி என்று அழைக்கும்படி எழுதப்பட்டது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. "எங்களுக்கு அரசியல் இல்லை" என்று எழுதிய அதே ஆலன், 1587இல் கர்தினால் ஆனார். 1588இல் ஸ்பானியக் கடற்படை கிளம்பியபோது, ஆங்கிலக் கத்தோலிக்கர்கள் அதன் பக்கம் சேர வேண்டும் என்று எழுதினார். ஊரில் ஒளிந்து பூசை வைத்துக்கொண்டிருந்த இளம் குருக்களின் கழுத்துக்கு அவர் பேனாவே ஒரு கயிறாயிற்று. எலிசபெத்தின் ஆட்சியில் குருக்களும் இல்லறத்தாருமாக 180க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் அரசியைக் கொல்லச் சதி செய்தவர்கள் மிகச் சிலரே. என் தீர்ப்பைக் கேட்டால், தேநீர்க் காசை இந்த வாரம் உங்கள் நண்பரே கொடுக்கட்டும்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: எலிசபெத்தின் அக்கா மேரி இன்னும் அதிகம் பேரைக் கொன்றவர் அல்லவா?

பதில்: ஆம். கத்தோலிக்கரான அவர், 1555 முதல் 1558 வரையிலான நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்டுகளை உயிரோடு எரித்தார். தண்டனையின் வகையைக் கவனியுங்கள். மேரி எரித்தது மதப்புரட்டுக்கு; "இவர்கள் தவறான வேதத்தைப் பின்பற்றுகிறார்கள்" என்று வெளிப்படையாகவே சொல்லி எரித்தார். எலிசபெத்தின் அரசு குருக்களுக்குக் கொடுத்தது துரோகிகளுக்குரிய தண்டனை: தெருவில் இழுத்துச் சென்று, தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் இறக்கி, குடலை உருவி, உடலை நான்காக வெட்டுவது. எது கொடியது என்று எடைபோட எனக்கு மனம் வரவில்லை. எலிசபெத் தம் சபையைச் சேர்ந்த தீவிரவாதிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசின் சபையிலிருந்து பிரிந்துபோன ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட் என்ற இரண்டு புராட்டஸ்டன்டுகள் 1593இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து வரலாறு படிக்கும் கல்லூரி மாணவி: ஐயா, அரசரின் சாவை "மனத்தில் நினைப்பதே" ராஜத்துரோகம் என்று இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்ததாக வகுப்பில் சொன்னார்கள். மனத்தில் நினைத்ததை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பார்கள்?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. 1351ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சொல் உண்மையாகவே இருக்கிறது. அரசரின் மரணத்தைத் திட்டமிடுவதும் "கற்பனை செய்வதும்" துரோகம் என்கிறது அது. கொலை நடந்துவிட்டால் வழக்குப் போட அரசர் இருக்கமாட்டார் என்பதால், கொலைக்கு முந்தைய எண்ணத்தையே பிடிக்க வேண்டியிருந்தது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். வெளிப்படையான ஒரு செயலைக் காட்டி எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதிலேயே இருந்தது. ஆனால் எது செயல், எது வெறும் சந்திப்பு என்பதை ஆட்சியில் இருப்பவர்களே முடிவு செய்தார்கள்.

எட்மண்ட் கேம்பியன் என்ற இயேசு சபைக் குருவின் வழக்கைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பேர்பெற்ற அறிஞர். 1566இல் எலிசபெத் அங்கு வந்தபோது அவர் முன்னே சொற்பொழிவாற்றிப் பாராட்டுப் பெற்றவர். பின்னர் நாட்டைவிட்டுப் போய்க் குருவாகி, 1580 ஜூனில் நகை வியாபாரி வேடத்தில் டோவரில் இறங்கினார். ஓராண்டு ஊர் ஊராக ஒளிந்து பூசை வைத்த பிறகு, 1581 ஜூலையில் லைஃபர்ட் கிரேஞ்ச் என்ற வீட்டில் பிடிபட்டார். கைகால்களைக் கட்டி இருபுறமும் இழுக்கும் சட்டத்தில் அவரைப் பலமுறை கிடத்தினார்கள். நவம்பரில் விசாரணை தொடங்கியபோது, உறுதிமொழிக்காக அவரால் கையை உயர்த்த முடியவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு கைதி அந்தக் கையை எடுத்து முத்தமிட்டு உயர்த்திப் பிடித்தார்.

அந்த ஆண்டுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. அதன்கீழ் வழக்குப் போட்டிருந்தால் எளிதில் முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் வேதத்துக்காகக் கொன்றதாக உலகம் பேசும். எனவே 1351ஆம் ஆண்டின் பழைய சட்டத்தையே எடுத்து, ரோமிலும் பிரான்சின் ரைம்ஸ் நகரிலும் கூடி அரசியைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். சதிக்கு உருப்படியான சான்று இல்லை. "எங்களைக் கண்டிக்கும்போது உங்கள் மூதாதையர் அனைவரையுமே கண்டிக்கிறீர்கள்" என்ற பொருளில் கேம்பியன் பேசினார். டிசம்பர் 1ஆம் தேதி டைபர்னில் கொல்லப்பட்டார்.

மனத்தைத் திறந்து பார்க்க இன்னொரு வழியும் இருந்தது. அதைக் கத்தோலிக்கர்கள் "இரத்தக் கேள்வி" என்றார்கள். பிடிபட்ட குருவிடம், "போப்பாண்டவர் அனுப்பும் படை நாட்டுக்குள் வந்தால் நீ யார் பக்கம் நிற்பாய்?" என்று கேட்பார்கள். அரசியின் பக்கம் என்றால் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்ததாகும். போப்பாண்டவரின் பக்கம் என்றால் அங்கேயே தூக்கு. "அந்தச் சூழ்நிலை வரும்போது கடவுள் காட்டும் வழியில் நடப்பேன்" என்று நழுவினால், அந்த நழுவலே வாக்குமூலமாகப் பதிவாகும். நடக்காத ஒரு போரில் எந்தப் பக்கம் நிற்பாய் என்று கேட்டு, வாயில் வந்த பதிலை வைத்து மனத்தில் துரோகம் இருந்ததாக எழுதிக்கொண்டார்கள். பேக்கன் சொன்ன சாளரம் இப்போது கதவளவுக்கு அகலமாகிவிட்டது.

நம் ஊருக்கும் இந்த மரபு கப்பலேறி வந்தது. 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 124ஏ பிரிவு, அரசின்மீது "பகைமை உணர்வு" ஊட்டுவதையே குற்றமாக்கிற்று. அந்தப் பிரிவின் கீழ்தான் 1908இல் வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் தண்டனை கிடைத்தது; மேல்முறையீட்டில் பின்னர் அது குறைந்தது. உணர்வை அளக்கும் தராசு எந்த நீதிமன்றத்திலும் இல்லை என்பதால், இப்படிப்பட்ட சட்டம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத் தக்கபடி எடை காட்டும்.

காசிமேட்டிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஒரு தாய்: எங்கள் அன்பியக் கூட்டத்தில், கல்லால் நசுக்கிக் கொல்லப்பட்ட மார்கரெட் என்ற புனிதையைப் பற்றிச் சொன்னார்கள். அவர் ஏன் நீதிமன்றத்தில் வாயைத் திறக்கவில்லை?

பதில்: மார்கரெட் கிளித்தரோ யார்க் நகரில் இறைச்சிக் கடைக்காரரின் மனைவி. கடையையும் கவனித்துக்கொண்டு, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, வீட்டில் குருக்களை ஒளித்து வைத்தவர். கணவர் புராட்டஸ்டன்ட், அபராதமெல்லாம் அவர்தான் கட்டினார். 1586 மார்ச்சில் வீட்டைச் சோதித்து, பயந்துபோன ஒரு சிறுவனை மிரட்டி, பூசைப் பொருட்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று நீதிபதி கேட்டபோது அவர் இரண்டில் எதையும் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் விசாரணை நடக்கும்; விசாரணை நடந்தால் அவருடைய பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் கூண்டில் ஏற்றித் தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்கள். அதைத் தடுக்கத்தான் அந்த மௌனம்.

பதில் சொல்லாதவர்மீது சுமையேற்றுவது அன்றைய வழக்கம். மார்ச் 25 அன்று, முதுகுக்குக் கீழே கைமுட்டி அளவுள்ள கூர்மையான கல்லை வைத்து அவரைக் கிடத்தி, மேலே ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் ஏழெட்டு அந்தர் எடையை, அதாவது 350 முதல் 400 கிலோ வரை, ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. நீங்கள் ஏலக்கூடத்தில் தூக்கி வைக்கும் மீன்கூடைகளை எண்ணிப் பார்த்தால் அந்தச் சுமை புரியும். 1970இல் போப்பாண்டவர் ஆறாம் பால் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து தச்சு வேலை செய்யும் வாசகர்: குருக்களை வீட்டுக்குள் எப்படி ஒளித்தார்கள்? சுவரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில்: உங்கள் தொழில்காரர் ஒருவர்தான் இதற்கு விடை. நிக்கோலஸ் ஓவன் என்ற ஆக்ஸ்ஃபோர்டுத் தச்சர், குள்ளமானவர், நொண்டி நடப்பவர், பதினெட்டு ஆண்டு காலம் பெரிய வீடுகளில் மறைவறைகள் கட்டினார். பகலில் எல்லோரும் பார்க்க ஏதாவது சாதாரண வேலையைச் செய்துகொண்டிருப்பார். இரவில் தனியாகக் கல்லைக் குடைவார். ஒரு வீட்டில் செய்த முறையை இன்னொரு வீட்டில் செய்யமாட்டார், ஏனென்றால் ஒன்று பிடிபட்டால் எல்லாம் பிடிபடும். மாடிப்படியைத் தூக்கினால் திறக்கும் அறை, கணப்படுப்புப் புகைபோக்கிக்குள் போலிச் சுவர், ஓர் அறைக்குள் இன்னோர் அறை என்று வைத்தார். தேடுகிறவர்கள் வெளியறையைக் கண்டதும் திருப்தியடைந்து போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டவர் அவர்.

1606 ஜனவரியில் ஹிண்ட்லிப் மாளிகையைப் படை சூழ்ந்தபோது, அவரே தாம் கட்டிய பொந்து ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொண்டார். கூட இருந்தவரும் அவரும் நான்கு நாட்கள் ஒரே ஓர் ஆப்பிளை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பசி தாங்காமல் வெளியே வந்தார்கள். அதே வீட்டில் வேறொரு பொந்தில் இருந்த இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெட் முதலிய இருவருக்குப் பக்கத்து அறைச் சுவர் வழியாக ஒரு குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். எட்டு நாள் தாங்கினார்கள். லண்டன் கோட்டையில் சித்திரவதைக்கு நடுவே ஓவன் இறந்தார். எந்த வீட்டையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கூடவே ஒரு சின்ன விஷயம். சிறுவயதில் எலுமிச்சைச் சாற்றால் தாளில் எழுதி, விளக்குச் சூட்டில் காட்டி விளையாடியிருப்பீர்கள். லண்டன் கோட்டையில் கைதியாக இருந்த ஜான் ஜெரார்ட் என்ற குரு அதற்கு ஆரஞ்சுச் சாற்றைத்தான் தேர்ந்தெடுத்தார். எலுமிச்சை எழுத்து நனைத்தால் தெரியும், காய்ந்தால் மறையும். வழியில் எவனாவது படித்துவிட்டு மூடி அனுப்பினாலும் தெரியாது. ஆரஞ்சு எழுத்தைச் சூடு காட்டித்தான் படிக்க முடியும், படித்த பிறகு மறையவும் செய்யாது. கடிதம் கையில் வரும்போதே எழுத்து தெரிந்தால், வேறு எவனோ முந்திக்கொண்டான் என்று பொருள். ஜெரார்ட் 1597 அக்டோபரில் அகழிக்கு மேலே கட்டிய கயிற்றில், சித்திரவதையில் முடமான கைகளோடு தொங்கித் தப்பித்தார்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்: ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட் நிஜமாகவே சதி செய்தாரா, சிக்கவைக்கப்பட்டாரா?

பதில்: இரண்டும். சிறைக்காவலில் இருந்த அவருக்கு பீர் பீப்பாய்க்குள் கடிதம் போட்டு அனுப்பும் வழியை ஏற்படுத்திக் கொடுத்ததே எலிசபெத்தின் செயலர் வால்சிங்கம்தான். பீப்பாயில் போகும் ஒவ்வொரு கடிதமும் முதலில் அவர் மேசைக்குப் போயிற்று. தாமஸ் ஃபெலிப்ஸ் என்பவர் சங்கேதத்தை உடைத்துப் படியெடுத்தார். 1586 ஜூலையில் ஆண்டனி பாபிங்டன் என்ற இளைஞர் எலிசபெத்தைக் கொல்லும் திட்டத்தை எழுத, மேரி அதற்கு இசைவாகப் பதில் எழுதினார். ஃபெலிப்ஸ் அந்தப் பதிலின் மேல் தூக்குமரப் படம் வரைந்து அனுப்பினார். அதோடு நிற்காமல், கொலை செய்யப் போகும் ஆறு பேரின் பெயரைக் கேட்பதாக மேரியின் சங்கேதத்திலேயே ஒரு பின்குறிப்பையும் போலியாகச் சேர்த்தார்கள். சதி உண்மை; கதவைத் திறந்து வைத்ததும் உண்மை. மேரியின் தலை 1587 பிப்ரவரி 8 அன்று ஃபாதரிங்கே கோட்டையில் விழுந்தது. பெரும்பாலான கத்தோலிக்கர்கள் இதில் எதிலும் இல்லை என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட், கோயிலுக்கு வராதவர் என்று வழக்குகளைச் சந்தித்துக்கொண்டே அரசியின் சொந்த ஆலயத்துக்கு இசையமைத்தார்.

தங்கசாலையிலிருந்து ஒரு வியாபாரி: இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் தேதி நம் தீபாவளிபோல் பட்டாசு வெடிக்கிறார்களே, அதுவும் இதைச் சேர்ந்ததா?

பதில்: ஆம். எலிசபெத்துக்குப் பின் 1603இல் வந்த முதலாம் ஜேம்ஸ், மேரி ஸ்டூவர்ட்டின் மகன். தங்களுக்குச் சலுகை கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த ராபர்ட் கேட்ஸ்பி முதலிய சிலர், நாடாளுமன்றத்துக்குக் கீழே 36 பீப்பாய் வெடிமருந்தை அடுக்கினார்கள். 1605 நவம்பர் 4 இரவு, விறகுக்கு அடியில் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்த கய் ஃபாக்ஸ் பிடிபட்டார். அவர் போட்ட கையெழுத்துகள் இரண்டு இன்றும் இருக்கின்றன. சித்திரவதைக்குப் பின் போட்டதில் பேனா தாளில் நழுவி, பெயர் பாதியிலேயே கலைந்திருக்கிறது.

இது முழுமையான துரோகம். இங்கே வாதம் இல்லை. ஆனால் பலன் அனுபவித்தவர்கள் சம்பந்தமில்லாத மற்றவர்கள். 1606இல் கத்தோலிக்கர்களுக்கென ஒரு புதிய விசுவாசப் பிரமாணம் வந்தது. அரசரைக் கொல்ல மாட்டேன் என்று மட்டும் கேட்டிருந்தால் பலர் மகிழ்ச்சியோடு சத்தியம் செய்திருப்பார்கள். போப்பாண்டவர் விலக்கிய அரசரைக் குடிமக்கள் நீக்கலாம் என்ற போதனையே பக்தியற்றது, மதப்புரட்டு என்றும் சொல்லச் சொன்னார்கள். போப்பாண்டவர் ஐந்தாம் பால் அதைத் தடை செய்தார். இங்கிலாந்தில் குருக்களின் தலைவராக இருந்த ஜார்ஜ் பிளாக்வெல்லோ சத்தியம் செய்துவிட்டார். ஒரே வீட்டுக்குள் பிளவு உண்டாக்குவதில் வெடிமருந்தைவிட அந்தத் தாள் நன்றாக வேலை செய்தது. நவம்பர் 5க்கான நன்றி வழிபாடு ஆங்கிலத் திருச்சபையின் ஜெபநூலில் 1859 வரை இருந்தது.

ஏழுகிணறிலிருந்து ஒரு வாசகர்: இந்தச் சண்டை மதராசப்பட்டினத்துக்கு வந்ததா? செவ்வாய்க்கிழமைதோறும் அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போகிற என் மனைவி கேட்கச் சொன்னார்.

பதில்: வந்தது, ஆனால் வேறு உருவத்தில். கம்பெனிக்கு இங்கே ஆள் வேண்டியிருந்தது. சாந்தோமிலிருந்து வந்து குடியேறிய போர்த்துகீசியக் கத்தோலிக்கர்கள்தான் படைக்கும் வியாபாரத்துக்கும் கிடைத்தவர்கள். அவர்களுக்குக் குரு வேண்டும். ஆனால் அந்தக் குரு போர்த்துகீசிய அரசரின் ஆளாக இருக்கக் கூடாது. ஆகவே 1642இல் இந்த வழியாக வந்த எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவற சபைக் குருவை இங்கேயே தங்கச் சொன்னார்கள். ஆங்கிலேயராகப் பிறந்திருந்தால் இங்கிலாந்தில் கால் வைத்ததற்கே மரணத்துக்குரிய குற்றவாளியாகியிருக்கக்கூடிய ஒரு கத்தோலிக்கக் குரு, ஆங்கிலேயரின் கோட்டைக்குள்ளேயே கோயில் கட்டிப் பூசை வைத்தார். அவருக்குத் தொல்லை வந்தது சொந்த மதத்தாரிடமிருந்துதான். சாந்தோமில் வைத்து அவரைப் பிடித்து கோவாவின் மத விசாரணை மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர்கள் அவரை விடுவிக்கப் பாடுபட்டார்கள்.

லண்டனில் 1678 முதல் 1681 வரை, டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் இட்டுக்கட்டிய "போப்பாண்டவர் சதி" என்ற பொய்யை நம்பி நிரபராதிகளைத் துரோகிகளாகத் தூக்கிலிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில்தான், 1680 அக்டோபரில், கோட்டைக்குள் ஆங்கிலேயர்களின் புனித மரியன்னை ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. ஒரே மதிலுக்குள் இரண்டு சபைகளும் ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் மணியடித்துக்கொண்டிருந்தன.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் ஆங்கிலேயர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. உடனே பழைய இரத்தக் கேள்வி எழுந்தது. கப்புச்சின் குருக்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய சபை மக்கள் கத்தோலிக்கர்கள். மறுபடி பிரெஞ்சுப் படை வந்தால் இவர்கள் யார் பக்கம்? நகரம் விழுந்ததற்கு இவர்கள்தான் காரணம் என்று காட்டத்தக்க சான்று இல்லாவிட்டாலும், கத்தோலிக்கர்கள் கோட்டைப் பகுதியில் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கோட்டைக்குள் இருந்த அவர்கள் கோயில் இடிக்கப்பட்டது. வேப்பேரியில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிய மாதா கோயிலை 1752இல் எடுத்து, ஃபப்ரீசியுஸ் ஐயர் இருந்த புராட்டஸ்டன்ட் மிஷனிடம் கொடுத்துவிட்டார்கள். தமிழ் வேதாகமத்தையும் அகராதியையும் செய்த அதே ஃபப்ரீசியுஸ்தான். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, சர்க்கார் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கப்புச்சின்களுக்கு மிஞ்சியது, மதிலுக்கு வெளியே முன்பே அவர்களுக்கு இருந்த சிற்றாலயத்தின் இடம். உங்கள் வீட்டம்மா மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோயில் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

பயந்தது போலவே 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை வந்தது. தலைமை தாங்கியவர் கவுண்ட் லாலி. அவருடைய தந்தை அயர்லாந்துக் கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட் அரசரை ஏற்க மறுத்துப் போரிட்டுத் தோற்றுப் பிரான்சுக்கு ஓடியவர். மகன் ஒருவழியாக ஆங்கிலேயர்களின் வாசலுக்கே வந்துவிட்டார். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் இருந்த பழைய கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்த அவருடைய வீரர்கள் கொள்ளையடித்துச் சாராயத்தில் மயங்கினார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் முற்றுகையை விட்டு விலகினார்கள். புதுச்சேரியும் போன பிறகு லாலி பாரிசுக்குத் திரும்பினார். கத்தோலிக்க அரசரின் நீதிமன்றம், அரசரின் நலனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லி 1766 மே மாதம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மேடைக்குக் கொண்டுபோகும்போது அவர் பேசிவிடக் கூடாது என்று வாயை அடைத்திருந்தார்கள்.